மிதப்பதை எப்படி மதிப்பிடுவது? – விண்வெளிப் படங்களில் எடையின்மை

திரைப்படத்தைப் பற்றிக் கருத்துரை எழுதச் சொன்னால், மாணவர்கள் தவறாமல் பயன்படுத்தும் ஒரு சொல் ‘தத்ரூபம்’. விண்வெளிப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். “விண்வெளிக் காட்சிகள் தத்ரூபமாக இருந்தன”, “மிதக்கும் காட்சிகள் பிரமிப்பூட்டின” என்று இரண்டு வரி எழுதிவிட்டு, அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள்.

தத்ரூபம் என்றால் ‘அதே உருவம்’. சரி, அந்த ‘அது’ எது? நம்மில் யாரும் விண்வெளிக்குப் போனதில்லை. 2007 அக்டோபரில் நம் நாட்டின் ஷேக் முஸ்ஸபார் சுக்கோர் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவர் மிதந்ததை நாம் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். எடையில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நம் மனத்தில் இருக்கும் படத்தில் பெரும்பகுதி, சினிமா வரைந்து கொடுத்தது. சினிமா வரைந்த படத்தை வைத்துக்கொண்டு சினிமாவுக்கே மதிப்பெண் போடுகிறோம்.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? ‘அசல் மாதிரி இருக்கிறதா?’ என்பது முதல் கேள்வி மட்டுமே. ‘எடை போனதால் கதையில் என்ன மாறியது?’ என்பதுதான் பெரிய கேள்வி. இந்தக் கட்டுரை மூன்று படங்களை முக்கியமாக எடுத்துக்கொண்டு இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கிறது: ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968), ‘அப்போலோ 13’ (1995), ‘கிராவிட்டி’ (2013).

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

பல கட்டுரைகளில் ‘விண்வெளியில் புவியீர்ப்பு கிடையாது, அதனால் மிதக்கிறார்கள்’ என்று படிக்கிறோம். இது பிழை. விண்வெளி நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்தில் புவியீர்ப்பு, தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு இருக்கிறது. ஈர்ப்பே இல்லையென்றால் நிலையம் பூமியைச் சுற்றாது, நேர்கோட்டில் போய்விடும்.

உண்மையில் நடப்பது என்ன? நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் விழுகிறார். மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே விழுவதால் தரையைத் தொடுவதே இல்லை. இருவரும் ஒன்றாக விழும்போது தரை அவர் காலைத் தாங்குவதில்லை. தாங்கல் இல்லாததால் எடை தெரிவதில்லை. ஆகவே ‘எடையின்மை’ என்பதே சரியான சொல், ‘ஈர்ப்பின்மை’ அல்ல.

வகுப்பில் இதைக் காட்ட ஒரு நெகிழிப் புட்டி போதும். அடிப்பகுதியில் சிறு துளை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடி திறந்திருக்கட்டும். கையில் பிடித்திருந்தால் தண்ணீர் பீச்சும். புட்டியைக் கீழே விட்டுவிட்டால், விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து தண்ணீர் வராது. தண்ணீரும் புட்டியும் ஒன்றாக விழுகின்றன, அவ்வளவுதான்.

இந்த உண்மையைக் கதையாகவே ஆக்கிய படம் கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்செப்ஷன்’ (2010). அது விண்வெளிப் படமே இல்லை. ஒரு வேன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. வேனில் தூங்குகிறவர்களின் கனவுக்குள் இருக்கும் தங்கும் விடுதியில் எல்லாரும் மிதக்கத் தொடங்குகிறார்கள். ஏன்னு கேட்டால், தூங்கும் உடல்கள் அந்த நேரத்தில் விழுந்துகொண்டிருக்கின்றன. விழுவதும் மிதப்பதும் ஒன்றே என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இல்லை. விடுதியின் நடைவழிச் சண்டைக்காக, ஏறத்தாழ 100 அடி நீளமுள்ள நடைவழியைக் கட்டி, அதை முழுதாகச் சுழல வைத்தார்கள்.

கயிறு தெரியாவிட்டாலும் உடல் காட்டிக்கொடுக்கும்

திரையில் மிதக்க வைக்க மிகப் பழைய வழி கயிறு. நடிகரின் இடுப்பில் கச்சை கட்டி, மெல்லிய கம்பியில் தொங்கவிடுவது. கம்பி கண்ணுக்குத் தெரியாமல் செய்வது இன்று கடினமல்ல, கணினியில் அழித்துவிடலாம். ஆனால் எடையை அழிக்க முடியாது. தொங்குகிறவரின் முழுப் பாரமும் இடுப்பில்தான் நிற்கிறது. தலையும் காலும் கீழே சாயப் பார்க்கும். அவற்றை நேராக வைத்திருக்க வயிறும் முதுகும் இறுகும். கூந்தலும் சட்டையும் தரையை நோக்கித் தொங்கும்.

உண்மையான எடையின்மையில் உடல் தளர்ந்துவிடும். கைகள் தாமாக முன்னால் எழும்பி நிற்கும், முழங்கால் சற்று மடங்கியிருக்கும். உடல் திரவம் மேலே ஏறுவதால் முகம் உப்பலாகத் தெரியும். நடிகர் சிரித்துக்கொண்டு மிதக்கிறார், ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது என்றால், அங்கே எடை ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு அடையாளம் வேகம். மிதப்பது என்றாலே நிதானம் என்று நாம் நினைக்கிறோம். விண்வெளி நிலையத்துக் காணொளிகளைப் பாருங்கள். அங்கே யாரும் மெதுவாக அசைவதில்லை. கையை வழக்கமான வேகத்தில்தான் வீசுகிறார்கள். சுவரைத் தள்ளினால் சட்டென்று அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். பிறகு இந்த ‘ஸ்லோமோஷன்’ பழக்கம் எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பங்கு அடுத்து வரும் படத்துக்கு உண்டு.

2001: அறையைத் திருப்பியவர்

ஸ்டான்லி கூப்ரிக்கின் படம் 1968 ஏப்ரலில் வெளிவந்தது. மனிதன் நிலவில் கால் வைத்தது அதற்கு அடுத்த ஆண்டு. கணினி வரைகலை இல்லாத காலம். கூப்ரிக் செய்ததை ஒரே வரியில் சொல்லலாம்: நடிகரை அசைப்பதற்குப் பதிலாக, பார்ப்பவரின் ‘கீழ்’ என்ற உணர்வை அசைத்தார்.

விண்கலப் பணிப்பெண் சுவர்மீது ஏறி, தலைகீழாக நடந்துபோகும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அந்த நடிகை தரையில்தான் நடந்தார். அறை சுழன்றது, அதோடு பிணைத்த கேமராவும் சேர்ந்து சுழன்றது. அதனால் அறை நிற்பதுபோலவும் அவர் ஏறுவதுபோலவும் நமக்குத் தெரிகிறது. மிதக்கும் பேனா இன்னும் எளிது. கண்ணாடித் தட்டில் பேனாவை ஒட்டி, தட்டைச் சுற்றினார்கள். பணிப்பெண் அதைக் காற்றிலிருந்து எடுப்பதுபோல் கண்ணாடியிலிருந்து பிடுங்கி எடுக்கிறார். கம்பியில் தொங்கிய காட்சிகளில் கேமராவை நடிகருக்கு நேர் கீழே வைத்தார்கள். நடிகரின் உடலே கம்பியை மறைத்துவிட்டது. சுழலும் கலப்பகுதிக்காக 38 அடி விட்டமுள்ள பெரிய சக்கரத்தை ஏறத்தாழ 750,000 டாலர் செலவில் கட்டினார்கள்.

குறை இல்லாமல் இல்லை. டாக்டர் ஃபிளாய்ட் உறிஞ்சுகுழலில் உணவு உறிஞ்சுகிறார். வாயை எடுத்ததும் குழலில் இருந்த திரவம் கீழே இறங்குகிறது. எடை அங்கே எட்டிப் பார்த்துவிட்டது!

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். எடை போனதால் இந்தக் கதையில் என்ன மாறுகிறது? படத்தின் தொடக்கத்தில் ஆதிமனிதக் குரங்கு எலும்பைக் கருவியாக்கி வலிமை பெறுகிறது. பல இலட்சம் ஆண்டு கழித்து, அறிவில் சிறந்த மனிதன் விண்கலத்தில் குழந்தையைப்போல ஒட்டும் காலணியோடு தட்டுத் தடுமாறி நடக்கிறான். குழந்தை உணவுபோல் குழைந்ததைக் குழலில் குடிக்கிறான். கழிவறையைப் பயன்படுத்த நீளமான அறிவிப்பை நின்று படிக்கிறான். எடை போனதும் மனித இனம் மறுபடி நடைபழகுகிறது. படம் ஒரு விண்குழந்தையில் முடிவதற்கு, இந்தச் சின்னக் காட்சிகள் முன்கூட்டியே தளம் போட்டுவிடுகின்றன.

அந்த மெதுவான அசைவுக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கம்பியில் தொங்குகிறவர் வேகமாக அசைந்தால் ஊஞ்சலாடுவார், குட்டு வெளிப்பட்டுவிடும். கூப்ரிக் அந்தத் தடையை வால்ட்ஸ் இசையோடு சேர்த்து அழகாக்கினார். பின்னால் வந்த பலர் காரணத்தை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போலோ 13: 23 வினாடி உண்மை

ரான் ஹோவர்ட் வேறு வழியில் போனார். நாசாவின் கேசி-135 விமானத்துக்குள்ளேயே கலத்தின் செட்டை அமைத்தார். விமானம் செங்குத்துபோல் மேலேறி, வளைந்து, கீழே பாயும். அந்த வளைவில் ஏறத்தாழ 23 வினாடிக்கு உள்ளே இருப்பவர்கள் விமானத்தோடு சேர்ந்து விழுகிறார்கள். அதாவது உண்மையாகவே எடையிழக்கிறார்கள். விமானம் நிமிரும்போது எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். விமானத்துக்கு ‘வாந்தி விமானம்’ என்று பட்டப்பெயர் வந்ததில் வியப்பில்லை. படக்குழு இப்படி 612 வளைவுகள் பறந்தது. கூட்டினால் 4 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான எடையின்மை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த ஒரு ‘ஷாட்டும்’ 23 வினாடியைத் தாண்ட முடியாது. அதற்குள் நடிகர் மிதக்க வேண்டும், வசனம் பேச வேண்டும், கேமராக்காரரும் மிதந்துகொண்டே பிடிக்க வேண்டும். அதனால் காட்சிகள் துண்டு துண்டாக இருக்கின்றன. பல அண்மைக் காட்சிகளைத் தரையில், ஏற்றப்பலகை போன்ற அமைப்பில் நடிகர்களை மெல்ல ஆட்டி எடுத்தார்கள். பார்க்கும்போது எது விமானம், எது தரை என்று பிரிக்க முடிவதில்லை. விமானத்தில் கிடைத்த உண்மை, தரையில் எடுத்த காட்சிக்கும் நம்பகத்தன்மையைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது.

இந்தப் படத்தில் மிதப்பது அழகாகவே இல்லை. முட்டுகிறார்கள், மோதுகிறார்கள், அடுத்தவர் காலைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். இதுதான் இதன் வெற்றி என்பேன். தொடக்கத்தில் விண்வெளி வீரர்கள் மிதப்பதை விளையாட்டாக அனுபவிக்கிறார்கள். ஆக்சிஜன் கலன் வெடித்த பிறகு, மிதப்பது அவர்களுடைய வேலையிடத்தின் இயல்பாகிவிடுகிறது. நெகிழிப்பை, அட்டை, ஒட்டுநாடா ஆகியவற்றை வைத்துக் கரியமிலவாயு வடிகட்டியைப் பொருத்தும் காட்சியைப் பாருங்கள். நாம் மிதப்பதைக் கவனிப்பதே இல்லை, மூச்சைத்தான் கவனிக்கிறோம். மிகுந்த பாடுபட்டுப் பிடித்த எடையின்மையைப் பார்வையாளர் மறந்துபோகும்படி விட்டுக்கொடுத்த இயக்குநரின் துணிவு சாதாரணமானதல்ல.

கிராவிட்டி: பெரிய திறமை, இரண்டு பொய்கள்

அல்ஃபோன்சோ குவாரோனுக்கு 23 வினாடி போதாது. அவருடைய முதல் ‘ஷாட்டே’ 12 நிமிடத்துக்கும் மேல் வெட்டில்லாமல் ஓடுகிறது. ஒளிப்பதிவாளர் எமானுவேல் லுபெஸ்கியும் காட்சி விளைவுகளைக் கவனித்த டிம் வெபரும் ஒரு பெரிய பெட்டியை அமைக்க வழி கண்டார்கள். அதன் உட்சுவர் முழுவதும் எல்.இ.டி. விளக்குகள். சாண்ட்ரா புல்லக் உள்ளே கிட்டத்தட்ட அசையாமல் இருப்பார். பூமியின் ஒளியும் சூரிய ஒளியும் சுவரில் சுழலும். இயந்திரக் கையில் பொருத்திய கேமரா அவரைச் சுற்றிப் பாயும். முகத்தில் நகரும் ஒளியைப் பார்த்து, அவர்தான் சுழல்கிறார் என்று நம் கண் முடிவுகட்டுகிறது. யோசித்துப் பார்த்தால் இது கூப்ரிக்கின் பழைய உத்திதான். அவர் அறையைத் திருப்பினார், இவர்கள் ஒளியைத் திருப்பினார்கள்.

ஆனாலும் இந்தப் படத்தில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

முதலாவது கண்ணீர். ரையன் ஸ்டோன் அழும்போது கண்ணீர்த்துளி கன்னத்தை விட்டுப் பிரிந்து நம்மை நோக்கி மிதந்து வருகிறது. உண்மையில் அப்படி நடக்காது. கண்ணீர் பரப்பு இழுவிசையால் கண்ணிலேயே ஒட்டி, ஒரு குமிழாகத் திரண்டு நிற்கும். கனடிய விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் நிலையத்தில் இருந்தபோது, கண்ணில் தண்ணீர் விட்டு இதைக் காட்டியிருக்கிறார். உதிர முடியாமல் கண்ணையே மூடி நிற்கும் கண்ணீர், பறக்கும் துளியைவிட எவ்வளவு வலிமையான படிமமாக இருந்திருக்கும்! ஆனாலும் இந்தப் பொய் அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது. அதை எடுத்துவிட்டாலும் கதை நகரும்.

இரண்டாவது, ஜார்ஜ் குளூனி நடித்த கோவால்ஸ்கி கயிற்றை விட்டுவிடும் காட்சி. ரையனின் கால் நிலையத்தின் நாடாக்களில் சிக்கியிருக்கிறது. அவர் கையில் உள்ள கயிற்றின் முனையில் கோவால்ஸ்கி. கயிறு இறுகி இருவரும் நின்றாயிற்று. நின்றுவிட்ட பிறகு அவரை இழுப்பது எது? ஒன்றுமில்லை. லேசாகச் சுண்டினாலே அவர் ரையனிடம் வந்துவிடுவார். மலை உச்சியில் ஒருவர் தொங்கும் காட்சியை அப்படியே விண்வெளிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நிலையம் சுழன்றதால் அவர் வெளியே தள்ளப்பட்டார் என்று வாதாடுவோர் உண்டு. அப்படியென்றால் அந்தச் சுழற்சியைப் படம் நம் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும். ஒரு மனிதரின் தியாகமே இல்லாத விசையின்மேல் நிற்கிறது. இந்தப் பொய் கதையின் தூணாக இருப்பதால், இதை மன்னிப்பது கடினம்.

அதே படம் இந்தக் குறையை வேறு இடத்தில் ஈடுகட்டுகிறது. நிலையத்துக்குள் தீப்பிடித்தபோது ரையன் தீயணைப்புக் கருவியை அழுத்துகிறார். அது அவரையே பின்னால் தள்ளி மோதவிடுகிறது. பிறகு வேறு வழியில்லாதபோது, அதே கருவியைக் கையில் பிடித்து, அதன் தள்ளுவிசையிலேயே சீன நிலையத்தை நோக்கிப் போகிறார். முன்பு தள்ளிவிட்ட விதியை இப்போது துணையாக்கிக்கொள்கிறார். இங்கே எடையின்மை பின்னணி அல்ல, பாத்திரத்தின் வளர்ச்சியே அதுதான்.

கடைசிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. ரையன் ஏரியில் இறங்கி, நீந்தி, கரைச்சேற்றில் வந்து விழுகிறார். எழ முயல்கிறார், கால் தாங்கவில்லை, மறுபடி ஊன்றி, தள்ளாடி நிற்கிறார். படம் முழுக்க இழந்திருந்த எடை அந்த முழங்கால் நடுக்கத்தில் திரும்பி வருகிறது. படத்தின் பெயர் ஏன் ‘ஈர்ப்பு’ என்பது அங்கேதான் புரிகிறது. எந்த ஒளிப்பெட்டியும் தேவைப்படாத இந்தக் காட்சிதான், என் கணிப்பில், படத்தின் சிறந்த எடையின்மைக் காட்சி. எடை என்றால் என்ன என்று காட்டியதால், அது இல்லாதபோது என்ன இழந்தோம் என்று உணர்த்துகிறது.

உண்மையான இடத்திலேயே எடுத்தால்?

2021 அக்டோபரில் ரஷ்ய இயக்குநர் கிளிம் ஷிபென்கோவும் நடிகை யூலியா பெரெசில்டும் விண்வெளி நிலையத்துக்கே போய், 12 நாள் பயணத்தில் ‘தி சேலஞ்ச்’ படத்துக்கான காட்சிகளை எடுத்து வந்தார்கள். படம் 2023-இல் வெளியானது. கூந்தலும் கையும் முகமும் அங்கே பொய் சொல்ல வழியில்லை. முதல் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது: அந்த மிதப்பு கதைக்கு என்ன செய்கிறது? அதற்கு ராக்கெட்டால் பதில் சொல்ல முடியாது. திரைக்கதைதான் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கு

தேர்வில் திரைப்படத்தைப் பற்றி எழுத நேர்ந்தால் இந்த மூன்று கேள்விகளை மனத்தில் வையுங்கள்.

1. எப்படிச் செய்தார்கள்? உத்தியை ஒரு வரியில் சொல்லுங்கள்.
2. எங்கே பொருந்துகிறது, எங்கே இடறுகிறது? ஒரு காட்சியைச் சுட்டுங்கள்.
3. அது கதைக்கு என்ன செய்கிறது? இதுவே உங்கள் தீர்ப்பு.

வேறுபாட்டைப் பாருங்கள்.

பொதுவான வாக்கியம்: “கிராவிட்டி படத்தில் மிதக்கும் காட்சிகள் தத்ரூபமாகவும் பிரமிப்பாகவும் அமைந்துள்ளன.”

தீர்ப்புள்ள வாக்கியம்: “முதலில் ரையனைத் தள்ளிவிட்ட தீயணைப்புக் கருவியே பின்னர் அவரைக் கரைசேர்க்கிறது, எடையின்மை இங்கே வெறும் காட்சியழகாக நிற்காமல், அவர் கற்றுத் தேறும் பாடமாகிறது.”

முதல் வாக்கியத்தைப் படம் பார்க்காதவரும் எழுதலாம். இரண்டாவதைப் பார்த்தவர், அதுவும் கவனித்துப் பார்த்தவர்தான் எழுத முடியும். தேர்வாளர் தேடுவது அந்தக் கவனிப்பைத்தான்.

வகுப்பறைச் செயற்பாடு

• தமிழில் 2018-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கத்தில் வந்த ‘டிக் டிக் டிக்’ படத்தில் ஜெயம் ரவியோடு, நம் வட்டாரத்துக்கு நன்கு அறிமுகமான ஆரோன் அஸிஸும் நடித்திருக்கிறார். அதில் விண்கலத்துக்குள் நடக்கும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். ஹாலிவுட்டோடு செலவை ஒப்பிட வேண்டாம். காட்சி கதைக்கு என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

• ஒலியை அணைத்துவிட்டு ஒரு நிமிடக் காட்சியைப் போடுங்கள். நடிகரின் கழுத்து, கூந்தல், சட்டை ஆகிய மூன்றையும் மாணவர்கள் கவனித்துக் குறிப்பெடுக்கட்டும். எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

• விவாதம்: ‘கலைக்காக அறிவியலை வளைக்கலாம்.’ கண்ணீர்த்துளியையும் கயிற்றுக் காட்சியையும் சான்றாகக் கொண்டு ஒட்டியும் வெட்டியும் பேசுங்கள்.